வியட்நாம் போரின் நர்ஸ்கள்: அங்கே என்ன செய்தார்கள், ஊர் திரும்பிய பிறகு என்ன ஆனது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நர்சிங் மாணவிகளிடம் போர்க்கால மருத்துவம் பற்றிப் பேசும்போது, வியட்நாமில் வேலை பார்த்த அமெரிக்க ராணுவ நர்ஸ்களைப் பற்றிக் கட்டாயம் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. குண்டு, ஹெலிகாப்டர், ஆபரேஷன் என்று சொல்லும்வரை பேசாமல் கேட்பவர்கள், அந்தப் பெண்கள் வீடு திரும்பிய கதைக்கு வந்ததும் விடாமல் கேட்க ஆரம்பிப்பார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

வியட்நாம் போர்னாலே ஆம்பளைங்க சண்டைதான் ஞாபகம் வருது. அங்க பொண்ணுங்களுக்கு என்ன வேலை?

காயம்பட்டவர்கள் இருக்கும் இடத்தில் ஆஸ்பத்திரி வேண்டும், ஆஸ்பத்திரி என்றால் நர்ஸ் வேண்டும். 1956-லேயே மூன்று அமெரிக்க ராணுவ நர்ஸ்கள் தென் வியட்நாம் தலைநகர் சைகோனுக்குப் போய், அந்நாட்டு நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 1965-ல் அமெரிக்கப் படை பெரிய அளவில் இறங்கியதும் லாங் பின், கூ சி, பிளேக்கூ, குயி நோன், சூ லாய், டா நாங் என்று நாடு முழுக்க ராணுவ ஆஸ்பத்திரிகள் வந்தன. 1969 தொடக்கத்தில் தரைப்படை நர்ஸ்கள் மட்டும் ஒரே சமயத்தில் 900 பேருக்கு மேல் அங்கே இருந்தார்கள்.

இவர்களைத் தவிர, கரையோரம் நின்ற 'ரிப்போஸ்', 'சாங்சுவரி' என்ற இரண்டு ஆஸ்பத்திரிக் கப்பல்களில் கடற்படை நர்ஸ்கள் இருந்தார்கள். படுத்த படுக்கையாக இருந்தவர்களை ஜப்பானுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் கொண்டுபோன விமானங்களில் விமானப்படை நர்ஸ்கள் பறந்தார்கள்.

மொத்தம் எத்தனை பேர் போனாங்க?

வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு, சுமார் 11,000 ராணுவப் பெண்கள். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நர்ஸ்கள். அந்தப் போரில் அமெரிக்கா அனுப்பிய ஆட்கள் மொத்தம் ஏறக்குறைய 27 லட்சம் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடலில் கரைத்த பெருங்காயம் போல இருப்பார்கள்.

ஏன் 'சுமார்' என்கிறேன் என்றால், எத்தனை பெண்கள் போனார்கள் என்று ராணுவமே ஒழுங்காகத் தனிக்கணக்கு வைக்கவில்லை. அதனால்தான் சிலர் 7,500 என்றும் சொல்வார்கள். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

கட்டாயப்படுத்தி அனுப்பினாங்களா, இல்ல அவங்களா போனாங்களா?

கட்டாய ஆள்சேர்ப்பு ஆண்களுக்குத்தான். பெண்கள் தாங்களாகக் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவர்கள். ஆனால் 'தாங்களாக' என்பதற்குள்ளே பல விதம் உண்டு. நர்சிங் படிப்புச் செலவை ராணுவம் ஏற்றுக்கொள்ளும், பதிலுக்குப் படிப்பு முடிந்து இரண்டு மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும் என்ற திட்டம் இருந்தது. வசதி குறைந்த வீட்டுப் பெண்கள் பலர் அப்படித்தான் உள்ளே வந்தார்கள். நீங்களாகக் கேட்டால் ஒழிய வியட்நாமுக்கு அனுப்ப மாட்டோம் என்று ஆள்சேர்ப்பவர் உறுதி சொன்னதாகவும், கொஞ்ச நாளில் வியட்நாம் ஆர்டர் கைக்கு வந்ததாகவும் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

மனதாரக் கேட்டுப் போனவர்களும் நிறைய. தன் வயதுப் பையன்கள் அங்கே அடிபட்டுக் கிடக்கிறார்கள், எனக்கு அந்த வேலை தெரியும், நான் ஏன் இங்கே இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அந்தப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். படித்து முடித்து ஒரு வருடம்கூட ஆகாதவர்களும் உண்டு.

போறதுக்கு முன்னாடி டிரெயினிங் எதுவும் கிடையாதா?

உண்டு. டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் உள்ள ஃபோர்ட் சாம் ஹூஸ்டன் முகாமில் சில வாரப் பயிற்சி. சல்யூட் அடிப்பது, நடைபயிற்சி, ராணுவ மரியாதைகள், வரைபடம் பார்ப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். மயக்கம் கொடுத்த ஆடுகளின் மேல் காயம் சுத்தம் செய்யவும், மூச்சு அடைத்தால் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைக்கவும் பழகினார்கள். முடித்ததும் லெப்டினன்ட் பதவி. அதாவது அவர்கள் எல்லோரும் அதிகாரிகள்.

தினமும் பத்து இருபது பேர் கை கால் சிதறி வந்து இறங்கினால் உங்கள் மனதை என்ன செய்வீர்கள் என்று யாரும் அங்கே பாடம் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி எல்லாம் போர்முனைக்குத் தள்ளித்தானே இருக்கும்? பாதுகாப்பாத்தானே இருந்திருப்பாங்க?

அந்தப் போரில் முனை என்று ஒரு கோடே கிடையாது. இன்று அமைதியாக இருக்கும் இடத்தில் நாளை ராக்கெட் விழும். ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் விமானத்தளத்துக்கும் படைமுகாமுக்கும் பக்கத்திலேயே இருந்தன. அவற்றைக் குறிவைத்து வரும் குண்டு தவறி விழுந்தாலும் வார்டில்தான் விழும். கட்டடம் என்று பெரிதாக எதுவும் இல்லை. அரை வட்டத் தகரக் கொட்டகைகள், சுற்றிலும் மணல் மூட்டை. தாய் நின்னில் 1966-ல் காற்றடித்து நிறுத்திய ரப்பர் துணிக் கூடாரத்திலேயே ஒரு சர்ஜிக்கல் ஆஸ்பத்திரி நடந்தது. தாக்குதலில் சுவர் கிழிந்தால் கூடாரம் சுருங்கிவிடும்.

சைரன் அடித்தால் நடக்க முடிந்த நோயாளிகளைக் கட்டிலுக்கு அடியில் போகச் சொல்வார்கள். டிராக்‌ஷனில் எலும்பு முறிவுக்கு எடை கட்டித் தொங்குகிறவரையும், மூச்சு மெஷினில் இருப்பவரையும் இறக்க முடியாது. அவர்கள் மேல் இன்னொரு மெத்தையைத் தூக்கிப் போட்டு மூடுவார்கள். அப்புறம் நர்ஸ் ஹெல்மெட்டையும் கனமான கவசச் சட்டையையும் மாட்டிக்கொண்டு, தரையில் தவழ்ந்தபடியே டிரிப் சரியாக ஓடுகிறதா, டியூப் கழன்றிருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டு போவார். கரண்ட் போய்விட்டால் கையால் பையை அழுத்தி மூச்சுக் கொடுக்க வேண்டும்.

அப்படின்னா நர்ஸ்கள் யாராவது செத்தாங்களா?

வாஷிங்டனில் இருக்கும் வியட்நாம் போர் நினைவுச் சுவரில், இறந்தவர்களின் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அதில் எட்டுப் பேர் பெண்கள், எட்டுப் பேரும் நர்ஸ்கள். 1966-ல் கரோல் டிராஸ்பா, எலிசபெத் ஜோன்ஸ் இருவரும் சைகோன் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார்கள். 1967 நவம்பரில் எலியனோர் அலெக்ஸாண்டர், ஹெட்விக் ஓர்லோவ்ஸ்கி இருவரும் விமான விபத்தில். 1968-ல் பமீலா டோனவன் நோயிலும், ஆனி ரூத் கிரஹாம் பக்கவாதத்திலும். கிரஹாம் இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் வேலை பார்த்தவர். விமானப்படையைச் சேர்ந்த மேரி கிளிங்கர், 1975 ஏப்ரல் 4-ல் அனாதைக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சைகோனிலிருந்து கிளம்பிய விமானம் விழுந்ததில் போனார்.

எதிரியின் குண்டுக்கு நேரடியாகப் பலியானவர் ஷரன் லேன் ஒருவர்தான். ஒஹாயோ மாநிலம் கான்டன் ஊர்க்காரர், வயது 25. சூ லாயில் வந்து சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1969 ஜூன் 8 விடியற்காலை அவர் டியூட்டி பார்த்துக்கொண்டிருந்த வார்டின் மேல் ராக்கெட் விழுந்தது. அது அமெரிக்கச் சிப்பாய்களின் வார்டு இல்லை, வியட்நாம் மக்களுக்கான வார்டு. இதை நான் எப்போதும் சேர்த்தே சொல்வேன்.

டாக்டர் செய்யற வேலையெல்லாம் நர்ஸே செஞ்சாங்களாமே, நிஜமா?

நிஜம்தான். ஹெலிகாப்டர் வந்ததால், அடிபட்டவன் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான். முந்தைய போர்களில் வழியிலேயே இறந்திருக்கக்கூடிய ஆட்கள் எல்லாம் இங்கே உயிரோடு வந்து சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் பிழைத்தார்கள். பெருமைப்பட வேண்டிய கணக்கு இது. ஆனால் அதற்காக மூன்று கைகால் இழந்த பையனையும், முழு உடம்பும் வெந்தவனையும் யாரோ கையால் தொட்டு வேலை செய்ய வேண்டியிருந்தது.

ஒரே நேரத்தில் முப்பது நாற்பது பேர் வந்து இறங்கினால் டாக்டர்கள் எல்லோரும் ஆபரேஷன் தியேட்டரில் (ஓ.டி.) இருப்பார்கள். வெளியே நர்ஸ்தான் வெயின் தேடி டிரிப் போடுவார், ரத்தம் ஏற்றுவார், தொண்டையில் குழாய் வைப்பார், சின்னக் காயங்களுக்குத் தையல் போடுவார், யாரை முதலில் உள்ளே அனுப்புவது என்று முடிவு செய்வார். 12 மணி நேர டியூட்டி, வாரத்துக்கு ஆறு நாள். கூட்டம் வந்தால் அந்தக் கணக்கும் கிடையாது.

பிழைக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சவங்கள ஒதுக்கி வச்சிருவாங்கன்னு படிச்சேன். மனசே ஆறல. அது உண்மையா?

உண்மை. இருக்கிற ஓ.டி. மேசைகளும் ரத்தமும் பிழைக்க வாய்ப்புள்ளவர்களுக்கு முதலில் போக வேண்டும். ஒரு தலைக்காயத்துக்கு ஆறு மணி நேரம் செலவழித்தால், அந்த நேரத்தில் காப்பாற்றியிருக்கக்கூடிய நாலு பேர் போய்விடுவார்கள். அதனால் தேற மாட்டார் என்று முடிவானவரை ஒரு திரைக்குப் பின்னால் படுக்க வைப்பார்கள். வலிக்கு மார்ஃபின் கொடுப்பார்கள். முடிந்தால் ஒரு நர்ஸ் பக்கத்தில் இருப்பார்.

அந்தத் திரைக்குப் பின்னால் இருந்த நேரத்தைத்தான் பல நர்ஸ்கள் முப்பது வருடம் கழித்தும் பேசினார்கள். கை பிடித்துக்கொண்டிருப்பார். அவன் அம்மாவைக் கூப்பிடுவான், இவர் 'இங்கேதான் இருக்கிறேன்' என்பார். பத்தொன்பது வயதுப் பையனுக்கு இருபத்திரண்டு வயதுப் பெண் அம்மாவாக இருந்தாள். அவன் மூச்சு நின்றதும் எழுந்து அடுத்த ஸ்ட்ரெச்சருக்குப் போக வேண்டும். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று சிலர் வருந்தினார்கள். பெயரைப் பார்த்திருக்க வேண்டாமே என்று வருந்தியவர்களும் உண்டு.

பொண்ணுங்கங்கிறதால வேற கஷ்டம் எதுவும் இருந்துச்சா?

இருந்தது. ஆயிரக்கணக்கான ஆண்கள் இருக்கும் முகாமில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்கள். டியூட்டி முடிந்தும் சிரித்த முகமாக இருக்க வேண்டும், அதிகாரிகளின் விருந்துக்கு வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. தொந்தரவும் இருந்தது, அத்துமீறலும் இருந்தது. புகார் கொடுத்தால் கொடுத்தவளின் பெயர்தான் கெடும் என்பதால் பலர் வாயைத் திறக்கவில்லை. முகாம் கடையில் ஆண்களுக்குத் தேவையான எல்லாம் கிடைக்கும், மாதவிலக்குக்கு வேண்டியது கிடைக்காது. அதை வீட்டிலிருந்து பார்சலில் வரவழைத்தார்கள்.

கர்ப்பமானால் வேலையை விட்டு அனுப்பிவிடுவது அன்றைய விதி. ராணுவம் அதை 70-களில்தான் கைவிட்டது.

ஒரே ஒரு வருஷம்தானே இருந்தாங்க. அதுக்கா வாழ்நாள் முழுக்க பாதிப்பு?

ஆமாம், ஆண்களைப் போலவே அவர்களுக்கும் பெரும்பாலும் ஒரு வருடக் கணக்குதான். சண்டை போடும் சிப்பாய்க்குக் கொஞ்ச நாள் காட்டில் சண்டை, கொஞ்ச நாள் முகாமில் ஓய்வு என்று மாறி மாறி வரும். சர்ஜிக்கல் வார்டு நர்ஸுக்கு அந்த இடைவெளி குறைவு. எங்கே சண்டை நடந்தாலும் அதன் முடிவு அவர் கட்டிலில்தான் வந்து படுக்கும். ஒரு சிப்பாய் தன் குழுவில் இறந்தவர்களைப் பார்ப்பான். அவர் பல குழுக்களின் காயத்தையும் சாவையும் பார்த்தார்.

சரி, திரும்பி வந்தப்ப என்ன நடந்துச்சு?

முந்தைய போர்களில் படைகள் கப்பலில் வாரக்கணக்கில் சேர்ந்து பயணம் செய்து வந்தன. பேச, அழ, சும்மா உட்கார நேரம் கிடைத்தது. வியட்நாமில் அப்படி இல்லை. அவரவர் ஒரு வருடம் முடிந்த அன்று அவரவர் தனியாகக் கிளம்ப வேண்டும். நேற்று வார்டில் நின்றவர், ஒன்றிரண்டு நாளில் கலிபோர்னியாவில் இறங்கி, அங்கிருந்து டிக்கெட் எடுத்து, அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பார். கூட வேலை பார்த்த யாருடைய விலாசமும் கையில் இருக்காது.

வீட்டில் என்ன பேசுவது? சாப்பிடும்போது பேசக்கூடிய விஷயமா அது? அப்பாவும் அம்மாவும் 'நல்லபடியாக வந்துவிட்டாய், இனி அதை மறந்துவிடு' என்றார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தோழிகள் கல்யாணம், புது கார், டிவி நிகழ்ச்சி என்று பேசினார்கள். ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் பேச்சை மாற்றுவார்கள். இரண்டு மூன்று தடவை அப்படி ஆனதும் இவர்கள் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்தும், மனைவி வியட்நாமில் இருந்தவர் என்பதற்கு மேல் எதுவும் தெரியாத கணவர்கள் இருந்தார்கள்.

ஏர்போர்ட்ல எச்சில் துப்பினாங்கன்னு சொல்றாங்களே?

யூனிஃபார்மைப் பார்த்து முகம் திருப்பினார்கள், திட்டினார்கள், காரில் ஏற்றிக்கொள்ள மறுத்தார்கள் என்று தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்ன நர்ஸ்கள் உண்டு. எச்சில் துப்பியதாகச் சொன்னவர்களும் உண்டு. அது எவ்வளவு பரவலாக நடந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய சண்டையே இருக்கிறது. என்னைக் கேட்டால், அந்த ஒரு காட்சியையே பேசிக்கொண்டிருப்பதால் பெரிய விஷயம் மறைந்துவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு நேர்ந்தது அவமரியாதைகூட இல்லை. யாரும் எதையும் கேட்கவில்லை. நீ அங்கே இருந்தாயா, பெண்கள் அங்கே இல்லையே என்றார்கள்.

லிண்டா வான் டிவான்டர் என்ற நர்ஸ் 1969-70-ல் பிளேக்கூவில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பி, போரை எதிர்த்து முன்னாள் படைவீரர்கள் நடத்திய ஊர்வலத்துக்குப் போனார். நீங்கள் படைவீரர் மாதிரித் தெரியவில்லை, பெண்கள் வரிசையில் நின்றால் டிவிக்காரர்கள் நம்ப மாட்டார்கள் என்று அங்கேயே ஒதுக்கினார்கள் என அவர் சொல்லியிருக்கிறார். போரை ஆதரித்தவர்களிடமும் இடமில்லை, எதிர்த்தவர்களிடமும் இடமில்லை.

நர்ஸ் வேலைக்கு எங்க போனாலும் டிமாண்ட் இருக்குமே. வேலைக்குப் போனா சரியாகியிருக்காதா?

வேலை கிடைத்தது. ஆனால் அங்கேதான் பலருக்கு இரண்டாவது அடி. மேலே டாக்டர் வேலை பற்றிய பதிலில் சொன்னதை நினைத்துப் பாருங்கள். தொண்டையில் குழாய் வைத்து உயிரைப் பிடித்து நிறுத்தியவர், ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் உத்தரவு இல்லாமல் டிரிப்கூடப் போடக் கூடாது. வியட்நாமில் இருந்தது அனுபவக் கணக்கில் சேராது, புதிதாகச் சேர்ந்தவர்களோடு பெட்பேன் எடுக்கப் போ என்று சொன்ன இடங்களும் உண்டு.

குடல்வால் ஆபரேஷன் முடிந்த நோயாளி காபி ஆறிவிட்டது என்று மணி அடிப்பார். அது அவர் உரிமை, தப்பே இல்லை. ஆனால் கேட்டுக்கொண்டு நிற்பவருக்கு உள்ளே என்னவோ செய்யும். கோபம் வரும், கோபம் வந்ததற்காகக் குற்ற உணர்ச்சியும் வரும். பலர் அடுத்தடுத்து வேலை மாற்றினார்கள். சிலர் ராணுவத்திலேயே திரும்பச் சேர்ந்தார்கள், அங்கேயாவது பேசப் புரிகிற ஆட்கள் இருப்பார்கள் என்று. நர்சிங்கையே விட்டவர்களும் உண்டு.

நர்ஸுக்கு சாவைப் பாக்கறது பழக்கம்தானே? அவங்களுக்கு எப்படி பி.டி.எஸ்.டி. வரும்?

பி.டி.எஸ்.டி. என்பது கொடுமையான அனுபவத்துக்குப் பிறகு மனதில் நெடுநாள் நிற்கும் பாதிப்பு. இந்தக் கேள்வியை நர்சிங் மாணவிகளே கேட்கிறார்கள். பழக்கம் கையை நடுங்காமல் வைத்திருக்கும், மனதை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடாது. அதோடு அவர்களுக்கு ஒரு தடை இருந்தது. 'பையன்கள் காலை இழந்தார்கள், நான் வெறும் நர்ஸ்தானே, எனக்கு என்ன வந்தது' என்று அவர்களே நினைத்தார்கள். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் உடம்பு விறைக்கும், ராத்திரி தூக்கம் வராது, சொந்தக் குழந்தை அழுதால் ஒன்றும் தோன்றாமல் மரத்துப்போய் நிற்பார்கள், சிலர் குடிக்க ஆரம்பித்தார்கள். ஆனால் அதையும் வியட்நாமையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவே வருடக்கணக்கில் ஆனது.

பி.டி.எஸ்.டி. என்ற பெயரே அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 1980-ல்தான் ஏறியது. பின்பு அமெரிக்க நாடாளுமன்ற உத்தரவின்படி பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. வியட்நாமில் இருந்த பெண்களில் நூற்றுக்கு 8.5 பேருக்கு ஆய்வு நேரத்திலேயே அந்தப் பாதிப்பு இருந்தது. வாழ்நாளில் எப்போதாவது இருந்தது என்று பார்த்தால் 26.9. ஆண்களுக்கு முறையே 15.2, 30.9. வாழ்நாள் கணக்கில் இரண்டும் எவ்வளவு நெருக்கம் என்று கவனியுங்கள். துப்பாக்கியைத் தொடாதவர்கள் இவர்கள்.

ஆம்பளைங்களுக்குக் கிடைச்ச அரசாங்க உதவி இவங்களுக்கும் கிடைச்சிருக்குமே?

சட்டப்படி எல்லாம் உண்டு. நடைமுறையில் போய்க் கேட்கவே தோன்றவில்லை, கேட்டவர்களுக்கும் கதவு பாதிதான் திறந்தது. முன்னாள் படைவீரர்களுக்கான அரசு ஆஸ்பத்திரிகள் ஆண்களுக்காகவே கட்டப்பட்டவை. பெண்கள் வார்டு இல்லை, மகளிர் மருத்துவம் இல்லை, துணி மாற்ற மறைவான இடம்கூட இல்லாத இடங்கள் இருந்தன. கவுண்டரில் உங்கள் கணவரின் நம்பர் என்ன என்று கேட்பார்கள். பெண் படைவீரர்களுக்குச் சமமான வசதி இல்லை என்று அரசின் தணிக்கை அமைப்பே 1982-ல் அறிக்கை கொடுத்தது. வெளிநாட்டுப் போர்களில் பங்கெடுத்தவர்களுக்கான மிகப் பெரிய சங்கம் ஒன்று, பெண்களை உறுப்பினராக 1978 வரை சேர்க்கவே இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ராணுவத்தில் இருந்தீர்களா என்று பெண்களிடம் கேட்டதே 1980-ல்தான்.

மாற்றம் வந்தது அவர்கள் சத்தம் போட்ட பிறகு. வான் டிவான்டர், வியட்நாம் போரில் பங்கெடுத்த அமெரிக்கப் படைவீரர்களின் சங்கம் ஒன்றில் பெண்களுக்கான பிரிவைத் தொடங்கி நடத்தினார். 1979 முதல் ஊர் ஊராக முன்னாள் படைவீரர்களுக்கான ஆலோசனை மையங்கள் திறந்தன. 1983-ல் பெண் படைவீரர்களுக்கான ஆலோசனைக் குழு சட்டப்படி அமைந்தது. பிளேக்கூவில் நர்ஸாக இருந்த ஜோன் ஃபியூரி, பெண்களுக்கான பி.டி.எஸ்.டி. உள்நோயாளி சிகிச்சையைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். 90-களில் அரசின் முன்னாள் படைவீரர் துறையில் பெண்களுக்கென்று மையம் வந்தபோது அதன் முதல் இயக்குநரும் அவர்தான்.

ஏஜென்ட் ஆரஞ்ச் நர்ஸ்களையும் பாதிச்சுதா?

1962 முதல் 1971 வரை காடுகளை அழிக்க அமெரிக்கப் படை தெளித்த ரசாயனங்களில் ஒன்று அது. மண்ணிலும் தண்ணீரிலும் கலந்திருந்த இடத்தில்தான் நர்ஸ்களும் இருந்தார்கள். நோயாளிகளின் சேறு படிந்த உடைகளை வெட்டி எடுத்ததும் அவர்கள்தான். 1991-ல் வந்த சட்டம் சில நோய்களுக்கு இழப்பீட்டு வழியைத் திறந்தது. 2000-ல் இன்னொரு சட்டம் வந்தது. வியட்நாமில் பணியாற்றிய பெண்களுக்குக் குறிப்பிட்ட பிறவிக் குறைபாடுகளோடு பிறந்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுக்க அது வழி செய்தது. போர் முடிந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

வான் டிவான்டர் தன் நோய்க்கு அங்கே பட்ட ரசாயனம்தான் காரணம் என்று நம்பினார். 2002-ல், 55 வயதில் இறந்தார்.

சுவர்ல எல்லார் பேரும் இருக்கே. பொண்ணுங்களுக்குத் தனிச் சிலை எதுக்கு? இது பிரிவினை இல்லையா?

நல்ல கேள்வி, அன்றைக்கு அமெரிக்காவிலும் இதையே கேட்டார்கள். சுவர் இறந்தவர்களுக்கானது, அதில் எட்டுப் பெண்களின் பெயரும் இருக்கிறது. 1982-ல் சுவர் திறந்த பிறகு, 1984-ல் பக்கத்திலேயே மூன்று சிப்பாய்களின் சிலையை வைத்தார்கள். உயிரோடு திரும்பியவர்களின் உருவமாக அது நின்றது. அந்த உருவத்தில் பெண் இல்லை. வுங் டாவிலும் பிளேக்கூவிலும் வேலை பார்த்த டயான் கார்ல்சன் எவன்ஸ் என்ற நர்ஸ் இதைப் பார்த்துத்தான், அதே வருடம் பெண்களுக்கான நினைவுச் சின்னத்துக்கு இயக்கம் தொடங்கினார்.

1987-ல் அரசின் நுண்கலைக் குழு அதை நிராகரித்தது. இவர்களுக்குக் கொடுத்தால் ஒவ்வொரு பிரிவும் கேட்கும், மோப்ப நாய்களுக்காகக்கூடக் கேட்டு வருகிறார்கள் என்று குழுத் தலைவர் பேசினார். அந்தப் பேச்சுக்குப் பிறகு இயக்கம் அடங்கவில்லை, பெரிதானது. நாடாளுமன்றம் வரை போய்ச் சட்டம் வாங்கி, 1993 நவம்பர் 11-ல் சிலை திறந்தார்கள். செய்தவர் கிளென்னா குட்ஏக்கர். மணல் மூட்டைகளின் மேல் ஒரு நர்ஸ் காயம்பட்ட சிப்பாயைத் தாங்கி உட்கார்ந்திருக்கிறார். இன்னொருத்தி வானத்தைப் பார்க்கிறாள். மூன்றாமவள் மண்டியிட்டு, காலியான ஹெல்மெட்டைக் கையில் வைத்திருக்கிறாள். சுற்றிலும் எட்டு மரங்கள் நட்டார்கள், எட்டுப் பேருக்காக.

பிரிவினையா என்றால், இல்லை என்பது என் கருத்து. ஏற்கெனவே பிரித்து வெளியே வைத்திருந்தவர்களை உள்ளே சேர்த்தார்கள். திறப்பு நாளில் கூட்டமாக வந்து, தங்களைப் பார்த்துக்கொண்ட நர்ஸைத் தேடியவர்கள் அந்த முன்னாள் சிப்பாய்கள்தான்.

அநியாயமான போர் அது. அதுக்குப் போனவங்களுக்காக நாம ஏன் வருத்தப்படணும்?

அந்தப் போர் வியட்நாம் மக்களுக்குச் செய்த கொடுமையை யாரும் மறுக்க முடியாது, நானும் மறுக்கவில்லை. நர்ஸ்களிலேயே பலர் அங்கே போன பிறகுதான் போருக்கு எதிராக மாறினார்கள். காரணம், அவர்களுடைய வார்டுகளில் சிப்பாய்கள் மட்டும் இல்லை. உடம்பில் ஒட்டி எரியும் நாபாம் குண்டு பட்டு வெந்த குழந்தைகள், கண்ணிவெடியில் கால் போன விவசாயிகள், பிடிபட்ட எதிரி வீரர்கள் எல்லோரும் படுத்திருந்தார்கள். காலையில் தன் நாட்டுப் பையன் செத்ததைப் பார்த்துவிட்டு, பக்கத்து வார்டில் எதிரிக்குக் கட்டு மாற்ற வேண்டும். வெறுப்பு வந்தது, வந்ததற்காக வெட்கப்பட்டோம், ஆனாலும் கட்டு மாற்றினோம் என்று வெளிப்படையாகச் சொன்னவர்கள் உண்டு. போரை முடிவு செய்தவர்கள் மேல் வைக்க வேண்டிய கணக்கை 22 வயது நர்ஸ் மேல் வைப்பது சரியில்லை.

வியட்நாம் பொண்ணுங்க பட்ட கஷ்டத்த யார் பேசுறது?

அதையும் பேச வேண்டும். டாங் துய் டிராம் என்ற வடக்கு வியட்நாம் பெண் டாக்டர், குவாங் ங்காய் மாகாணத்தில் காட்டு ஆஸ்பத்திரி நடத்தினார். 1970 ஜூனில், 27 வயதில், அமெரிக்கப் படையால் கொல்லப்பட்டார். அவர் எழுதிவந்த நாட்குறிப்பை எரிக்காமல் எடுத்துவைத்த ஓர் அமெரிக்க வீரர், 2005-ல் அது அவருடைய தாயிடம் போய்ச் சேர வழி செய்தார்.

காட்டுப் பாதைகளில் சாலை போட்ட, காயம்பட்டவர்களைச் சுமந்த இளம்பெண் தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வென்ற பக்கம் அவர்களுடையது. ஆனாலும் மலேரியாவில் முடி கொட்டி, உடம்பு தளர்ந்து, கல்யாண வயது தாண்டி ஊர் திரும்பியபோது பலருக்குக் குடும்பம் அமையவில்லை. உதவித்தொகைக்கும் நெடுங்காலம் காத்திருந்தார்கள்.

ஆண் நர்ஸ்களும் இருந்தாங்களா?

இருந்தார்கள். அமெரிக்கத் தரைப்படை 1955 முதலே ஆண்களை நர்ஸ் அதிகாரிகளாகச் சேர்த்தது. வியட்நாமில் அவர்கள் கணிசமாகவே இருந்தார்கள். வார்டில் அதே வேலை, அதே பாரம்.

இதுல இந்தியாவுக்கு எதுவும் சம்பந்தம் இருக்கா?

இந்தியா அந்தப் போருக்குப் படை அனுப்பவில்லை. ஆனால் வியட்நாம் காலத்தில் அமெரிக்கத் தரைப்படை நர்ஸ்களின் தலைவியாக இருந்த அன்னா மே ஹேய்ஸ், தன் முதல் போர் அனுபவத்தைப் பெற்றது நம் அசாமில், லெடோ ஊரில். இரண்டாம் உலகப் போரில் மூங்கில் கட்டிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். 1970 ஜூன் 11-ல் அமெரிக்க ராணுவத்தின் முதல் பெண் ஜெனரல் ஆனார்.

எல்லாருமே உடைஞ்சு போயிட்டாங்களா? கேக்கவே பயமா இருக்கு.

இல்லை. மேலே சொன்ன ஆய்வுக் கணக்கையே திருப்பிப் பாருங்கள், நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த நோய் வரவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் முழுசாக நர்ஸாக இருந்த வருடம் அதுதான் என்று சொன்னவர்கள் பலர். அங்கே கற்றதைக் கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுகளைக் கட்டியெழுப்பினார்கள், ஆசிரியர்கள் ஆனார்கள், படையிலேயே இருந்து கர்னல் ஆனார்கள். பெருமையும் துக்கமும் ஒரே ஆளிடம் இருந்தன. 'பாவம்' என்று பார்ப்பதை அவர்கள் விரும்பவில்லை, நடந்ததை ஒத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

போர்ல வேலை பார்த்துட்டு வந்த ஒரு நர்ஸை நான் சந்திச்சா என்ன பேசறது? கேட்டா புண்படுமோ?

'ரொம்ப பயமா இருந்திருக்குமே', 'எத்தனை சாவு பார்த்தீங்க' என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த வருடம் போனீர்கள், எந்த ஊர், எந்த வார்டு, கூட யார் இருந்தார்கள், நைட் டியூட்டியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். வேலை தெரிந்தவரிடம் வேலையைப் பற்றிக் கேட்டால் பேச்சு தானாக வரும். வேண்டாம் என்றால் அவரே நிறுத்திவிடுவார், நீங்களும் விட்டுவிடுங்கள். பேச ஆரம்பித்துவிட்டால் மட்டும் ஒரு விஷயம்: நடுவில் போனை எடுக்காதீர்கள், 'அதெல்லாம் மறந்துடுங்க' என்று சொல்லாதீர்கள். அவர் முடிக்கும்வரை உட்கார்ந்து கேளுங்கள்.